மகள் மௌனத்தில் இருக்கிறாள் என்று சொன்னேன்

நான் சொன்னது ஒரே ஒரு சொல். அதைக்கூட ஒரு வாக்கியமாகச் சொல்லவில்லை. "மௌனம்மா" என்றேன். மீதியை எங்கள் ஊர் பார்த்துக்கொண்டது.

அரசுக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பரீட்சை அறையில் சட்டைக் கைமடிப்புக்குள் இருக்கும் துண்டுச்சீட்டை வாசலில் இருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெயர் எடுத்தவன். பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் போதாது. பழக்கம் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சின்னப் பொய்யாகச் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீடு செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருக்கிறது. தெருவில் எல்லோரையும் போல நானும் மொட்டை மாடியில் ஓர் அறை கட்டி, வெளிநாட்டிலிருந்து ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சிலர் பேசவே மாட்டார்கள். சட்டையில் 'மௌனம்' என்று எழுதிய அட்டை ஒன்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். ஆட்டோக்காரர்கள்கூட அவர்களிடம் விரல் காட்டித்தான் பேரம் பேசுவார்கள். வேறு ஊரில் ஒருவர் காலையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் குக்கரைச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பார்கள்.

அந்த அறைக்கு என் மகள் வந்து சேர்ந்தாள். சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தவள். ஒருநாள் போன் செய்து வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். இரண்டு பைகளோடு வந்து இறங்கினாள். ஒன்றில் துணி, இன்னொன்றில் ஒயர். அந்த ஒயர்களுக்கு நடுவிலிருந்து, ஏதோ குழந்தையைத் தூக்குவது போல, சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிற பழைய காலத்து வீடியோ கேம். அவள் பள்ளியில் படித்தபோது கேட்டு, நான் வாங்கித் தராத சாமான்.

"இதுல விளையாடறது இல்லப்பா. பாட்டு போடறேன்" என்றாள்.

பெட்டியின் பின்பக்கம் சொருகியிருந்த சில்லுக்குள் விளையாட்டுக்குப் பதிலாக இசை அமைக்கும் மென்பொருள் இருந்தது. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை. அதில் எழுத்தும் எண்ணும் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருக்கும். நான்கு பக்கமும் அம்புக்குறி போட்ட ஒரு பொத்தானையும் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னப் பொத்தான்களையும் அமுக்கி அமுக்கி, ஒவ்வொரு சுரமாக உள்ளே ஏற்ற வேண்டும். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஒரு வாரம் உட்காருவாள்.

"மொத்தம் நாலு குரல்தான் இதுல. ரெண்டு சதுர அலை. ஒண்ணு நாமே வரைஞ்சுக்கிற அலை. ஒண்ணு வெறும் இரைச்சல். எல்லாம் உங்க சப்ஜெக்ட்தான்பா."

சதுர அலையைக் கரும்பலகையில் நான் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அது எப்படிச் சத்தம் போடும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது தெரியும். ஒரு கொசு நன்றாகப் படித்துப் பட்டம் வாங்கியிருந்தால் எப்படிப் பேசுமோ, அப்படி இருக்கும். அந்த இரைச்சல் என்பது கடுகு தாளிக்கிற சத்தம்.

"நாலு குரலை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ண முடியும்? கம்ப்யூட்டர்ல எவ்வளவோ வருமே?"

"அதனாலதான்பா இது. நாலுதான் இருக்குன்னா எதை விடணும்னு யோசிச்சே ஆகணும்."

அது நல்ல பதில் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது, கல்யாணமாகாத, முப்பது தாண்டிய ஒரு பெண், மொட்டை மாடியில் கேம் பெட்டியோடு. தெரு பார்க்கிற மாதிரி.

எதிர்வீட்டு அம்மாதான் முதலில் கேட்டது. அவர் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறார். லாட்ஜை அவர் நடத்துகிறார், தெருவை இந்த அம்மா நடத்துகிறார். நான் பால் வாங்கக் கதவைத் திறந்தபோது வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே என் மகள் காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடி, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு தலையை மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், பாப்பா வந்ததுலேர்ந்து யாராண்டயும் ஒரு வார்த்த பேசல. கண்ண மூடிகினே உக்காந்திருக்குது. இன்னா விஷயம்?"

கேம் பெட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்லவும் வரவில்லை. அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"மௌனம்மா."

எதிர்வீட்டு அம்மா உடனே செருப்பைக் கழற்றினார். அவர் நின்றது அவர் வீட்டு வாசலில். ஆனாலும் கழற்றினார்.

அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கில் தயிர்சாதம் வந்தது. மாதுளை முத்து, திராட்சை எல்லாம் போட்ட, விசேஷத் தயிர்சாதம். "பாப்பாவுக்குக் குடுத்துருங்க, நான் குடுத்தேன்னு சொல்லக்கூட வேணாம்" என்று படியிலேயே வைத்துவிட்டுப் போவார். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே தயிர் ஆகாது. ஆகவே நான் சாப்பிட்டேன். இதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்: ஊறுகாயோடு சாப்பிட்டேன்.

பொய் நிலைப்பதற்கு என் மகளும் அவளை அறியாமலே உதவினாள். ஹெட்போன் மாட்டியிருப்பதால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. பார்த்தால் சிரித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். ஒருமுறைதான் சிக்கல் வந்தது. கடையில் அவள் பேட்டரி வாங்கியதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மா வந்து, "பாப்பா கடையில பேசிச்சே சார்?" என்றார். "மாடியில மட்டும்தான் மௌனம்" என்றேன். கல்லூரியில் எந்த மாணவனாவது இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். அந்த அம்மா கண்ணை அகல விரித்து, "அப்டியும் ஒண்ணு இருக்குதா!" என்றார்.

விசா விஷயம் நடந்தது அதற்கப்புறம். எதிர்வீட்டு அம்மாவின் மகன் வெளிநாட்டு வேலைக்கு விசா நேர்காணலுக்குப் போக இருந்தான். அம்மா எங்கள் கேட்டருகே நின்று, மேலே பார்த்துக் கைகூப்பி, "விசா கெடைக்குமாம்மா?" என்று கேட்டார். என் மகள் அப்போது ஒரு பாட்டின் அடித்தாளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியபடி பலமாக மேலும் கீழும் தலையை ஆட்டினாள். அந்த வாரமே விசா வந்துவிட்டது.

பிறகு கேட்க வேண்டுமா? ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் எங்கள் தெரு முனையில் நிற்பார். அவர் புது வண்டி எடுக்கலாமா என்று கேட்டு ஆமாம் என்ற தலையாட்டலை வாங்கிப்போனார். பின்தெருவில் மனை வாங்க முன்பணம் கொடுக்க இருந்த ஒரு தாலுகா ஆபீஸ் ஊழியர் வந்து கேட்டபோது, என் மகளுக்கு அந்தச் சதுர அலை சரியாக வந்து உட்காரவில்லை. 'சே' என்று இடமும் வலமும் தலையை அசைத்தாள். அவர் மனையை விட்டுவிட்டார். விசாரித்தால் அந்த மனையில் நிஜமாகவே வில்லங்கம் இருந்தது. அதுதான் என் துரதிர்ஷ்டம். ஒரே ஒருமுறை தலையாட்டல் தப்பாகப் போயிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

என் மனைவிக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை நான் சோற்றுக்கு உட்காராததில் கண்டுபிடித்தாள்.

"பசங்க பிட் அடிச்சா ஹாலை விட்டு வெளிய அனுப்புனீங்களே, இப்ப உங்கள யாரு அனுப்பறது?"

"நேரம் பார்த்துச் சொல்லிடறேன்."

"நேரம் பார்க்கறதுக்கு என்ன, கல்யாணமா? போயி சொல்லுங்க. இல்லன்னா எனக்கும் ஒரு கிண்ணம் வைங்க, நானும் கூட்டு சேர்ந்துக்கறேன்."

சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அந்த வாரம் என் மகள் முகமெல்லாம் சிரிப்பாகக் கீழே இறங்கி வந்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தாள் அவள்.

"அப்பா, நம்ம தெருக்காரங்க மாதிரி ரசிகருங்க எங்கயுமே கெடையாதுப்பா. டெய்லி கீழ வந்து நின்னு கேக்கறாங்க. அப்படியே மேல பார்த்துக்கிட்டே நிக்கறாங்க. அந்த எதிர்வீட்டு ஆன்ட்டிக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சென்னையில என் ஃப்ரெண்ட்ஸ்கூட பாதியில போனை எடுத்துருவாங்க."

நான் காப்பியைக் குடித்தேன்.

"நான் வேலையை விட்டப்ப எனக்கே தெரியலப்பா, இது நல்லா இருக்கா, இல்ல எனக்கு மட்டும்தான் நல்லா இருக்கான்னு. ஒரு வருஷம் பண்ணிப் பார்க்கலாம், யாருக்குமே பிடிக்கலன்னா திரும்ப வேலைக்குப் போயிரலாம்னுதான் வந்தேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு. முதல் கச்சேரி இங்கதான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். 'அவர்கள் பாட்டைக் கேட்க வரவில்லையம்மா' என்று சொன்னால் முடிந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. அவளைக் காயப்படுத்த வேண்டாம் என்று நினைத்ததாக அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எதிர்வீட்டு அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் பயந்தேன்.

கச்சேரிக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு கஃபே இடம் கொடுத்தது. அதை நடத்துகிறவர் அடி அண்ணாமலையைச் சேர்ந்தவர். அவர் குடும்பம் காலம் காலமாக நிலக்கடலை போட்ட குடும்பம். இவர் அதே கடலையை அரைத்து, பாட்டிலில் அடைத்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறார். "நம்ம பொண்ணு வாசிக்கிறதுக்கு நான் இடம் தர மாட்டேனா சார்? ஸ்பீக்கர்கூடப் பெருசா சொல்லிட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலம் கஃபே நிரம்பிவிட்டது. முன்னால் தரையில் பாய் விரித்து எங்கள் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு அம்மா பட்டுப்புடவை. ஆட்டோக்காரர் புது வண்டிக்குப் போட்ட மாலையில் மிச்சத்தைக் கொண்டுவந்திருந்தார். பின்னால் நாற்காலிகளில் ஏழெட்டு வெளிநாட்டுக்காரர்கள், இஞ்சி டீயோடு. என் மகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்ததையும் பார்த்தேன்.

யாரோ சாம்பிராணி ஏற்றினார்கள். கஃபேக்காரர் ஸ்பீக்கருக்குப் புகை ஆகாது என்று ஓடிவந்து, எதிர்வீட்டு அம்மா பார்த்த பார்வையில் அப்படியே திரும்பிப் போனார்.

முதல் பாட்டு வேகமானது. அடிக்குரல் தொம் தொம் என்று ஆரம்பித்ததும் மேசைமேலிருந்த டம்ளர்கள் நகர்ந்தன. அதற்குமேல் இரண்டு பட்டதாரிக் கொசுக்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. நடுநடுவே கடுகு வெடித்தது. பெங்களூரில் இளவட்டங்கள் இதற்குக் குதித்து ஆடுவார்களாம். எங்கள் தெரு கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, மடியில் கையை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பாட்டு முடிந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. மௌனசாமி முன்னால் யார் கைதட்டுவார்கள்? எல்லோரும் கைகூப்பினார்கள். பின்னாலிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒருகணம் தயங்கினார்கள். தட்டுவதற்காக ஒருவர் உயர்த்திய கை அந்தரத்தில் நின்றது. முன்வரிசையைப் பார்த்துவிட்டு, இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று முடிவு செய்து, அவர்களும் கைகூப்பித் தலைகுனிந்தார்கள்.

என் மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை அவளுக்கு. கடைசியில் என்னைப் பார்த்தாள். கேள்வி கேட்கும் பார்வை. நான் கையைத் தட்டியிருக்கலாம். ஓர் ஆள் தட்டினால் போதும், பின்வரிசை தட்டியிருக்கும். என்னைச் சுற்றி எல்லோரும் கூப்பியிருந்தார்கள். நானும் கூப்பினேன். பெற்ற மகளின் முதல் பாட்டுக்கு நான் செய்தது அதுதான்.

இரண்டாவது பாட்டுக்கும் அதேதான். மூன்றாவதற்கும் அதேதான். நான்காவது பாட்டை அவள் நடுவில் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாப் பொத்தானையும் இஷ்டத்துக்கு அமுக்க ஆரம்பித்தாள். மிக்ஸி ஓடும்போது உள்ளே கரண்டி விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். கஃபேக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். தெருநாய் ஒன்று எழுந்து போயிற்று. முன்வரிசையில் தாலுகா ஆபீஸ்காரர் கண்ணீர் விட்டார்.

அவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். அந்த அமைதியில் எதிர்வீட்டு அம்மா எழுந்துபோய், ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா, என் நாத்தனார் பொண்ணுக்கு இந்தத் தையிலயாவது வரன் அமையுமா? பேச வேணாம்மா. சும்மா தலைய மட்டும் ஆட்டு, போதும்."

"ஆன்ட்டி, நான் ஏன் பேசக் கூடாது?" என்றாள் என் மகள்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மௌனம் கலைந்துவிட்டதென்று ஆட்டோக்காரர் சட்டென்று எழுந்து நின்றார்.

"மாடியில மௌனம்னு சார்தான சொன்னாரு? விசா, ஆட்டோ, மனை, எல்லாம் நீ தலையாட்டித்தானம்மா நடந்துச்சு" என்றார் எதிர்வீட்டு அம்மா.

என் மகள் என்னைப் பார்க்கவில்லை. ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பையில் வைத்தாள். அவசரமில்லாமல் சுருட்டினாள். பழத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நல்லா இருக்குன்னு யாராவது சொல்லணும்னு நான் வாசிக்கலப்பா. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்றதுக்கு நாலு பேர் வேணும், அதுக்குத்தான் வாசிச்சேன். கடைசியில நான் போட்ட குப்பைக்கும் கும்பிட்டாங்க. அப்ப மொதல்ல போட்டதையும் கேக்கல. இத்தனை மாசமா ஒருத்தர்கூடக் கேக்கல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பெங்களூர்ல ஒரு ஃப்ரெண்டு ரூம் தரேன்னு சொல்றா. நான் போயிருவேன். போறதுக்கு முன்னாடி அதே கஃபேல இன்னொரு வாட்டி வாசிப்பேன். அதுக்குள்ள எல்லார் வீட்டுக்கும் நீங்க போயி நேராச் சொல்லணும். போன்ல சொல்லக் கூடாது."

"ஏங்க, கூட நான் வரணுமா?" என்றாள் மனைவி. வேண்டாம் என்றேன். "நல்லது. எனக்கும் வெக்கமா இருக்கு" என்றாள்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். முதலில் தெரு முனையில் ஆட்டோக்காரர். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அப்ப பாப்பா தலையாட்டுனது?"

"பாட்டுக்கு."

"என் வண்டிக்கு இல்லியா?"

"இல்லப்பா. மன்னிச்சுக்கோ."

அவர் வண்டியை ஒருசுற்று சுற்றிப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் சார் ஓடுது. மைலேஜும் கம்மி இல்ல. ஆனா சார், பாட்டுக்குத் தலையாட்டுனா பாட்டுக்குன்னு சொல்லிருக்கலாம்ல? நானும் கொஞ்சம் கேட்டிருப்பேன்ல?"

தாலுகா ஆபீஸ்காரர் என்னை உட்காரவைத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "வில்லங்கம் நெஜந்தான?" என்றார். நிஜம் என்றேன். "அப்ப நீங்க சொல்லி என்ன சார் ஆவப்போவுது? இப்படியே விட்டுருங்க. நான் வேற ரெண்டு எடம் பார்த்து வச்சிருக்கேன்" என்றார். மறுபடியும் மறுபடியும் சொன்னேன். அவர் கடைசிவரை நம்பவில்லை. உண்மையைச் சொல்லி ஒருவரை நம்பவைப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது; பொய்க்கு ஒரு சொல் போதுமாயிருந்தது.

எதிர்வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். கோழைத்தனம்தான். அந்த அம்மா வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டார். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தயிர்சாதம் யாரு சார் துன்னது?"

"நான்தாம்மா."

"பாப்பா?"

"அவளுக்குத் தயிர் ஆகாது."

"திராட்சையெல்லாம் கொட்டை எடுத்துப் போட்டேனே சார்! ஒண்ணு ஒண்ணா கொட்டை எடுத்தேன்!"

கதவு சாத்திக்கொண்டது. நான் படியிறங்கித் தெருவைக் கடந்து என் வீட்டுக்கு வந்தேன். பத்தடி தூரம்கூட இல்லை. தலைநிமிர முடியவில்லை.

இரண்டாவது கச்சேரிக்குக் கூட்டம் இல்லை. பின்னால் வெளிநாட்டுக்காரர்கள் நாலைந்து பேர். முன்னால் ஆட்டோக்காரர், சவாரிக்கு அழைப்பு வந்தால் ஓட வசதியாக ஓரத்தில். தாலுகா ஆபீஸ்காரர் வரவில்லை. பாய் விரிக்கவில்லை. நானும் என் மனைவியும் தனித்தனி நாற்காலியில் உட்கார்ந்தோம். அவளாகத்தான் தள்ளி உட்கார்ந்தாள். என் மகள் அதே சிவப்புச் சட்டை. காலி இடங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையைத் திறந்தாள்.

அவள் ஒயர் மாட்டும்போது எதிர்வீட்டு அம்மா உள்ளே வந்தார். சாதாரண வீட்டுப் புடவை. என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப்போய், முதல் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கும்பிடறதுக்கு வரல. அப்படி இன்னாத்ததான் அது வாசிக்குதுன்னு பாக்கலாம்னு வந்தேன்" என்று பொதுவாக எல்லோருக்கும் சொன்னார்.

என் மகள் வாசித்தாள். பாட்டு முடிந்ததும் பின்வரிசை கைதட்டியது. ஆட்டோக்காரர் விசிலடித்தார். நானும் தட்டினேன், தட்டும்போது உள்ளங்கை கூசியது. என் மகள் யாரையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஆன்ட்டி இருந்துச்சு?"

"இன்னாத்துக்கு என்னைக் கேக்கற?"

"சும்மா சொல்லுங்க."

"சொன்னா கோச்சுக்குவ."

"கோச்சுக்க மாட்டேன்."

"சத்தம் ஜாஸ்தி. கீச்சு கீச்சுனு ரெண்டு கத்துதே, அதுல ஒண்ணு எதுக்கு? ஒண்ணு சொன்னதையேதான் இன்னொண்ணும் சொல்லுது, எங்க ஊட்டுக்காரரும் அவரு தம்பியும் பேசற மாதிரி. அடியில தொம்மு தொம்முனு ஒண்ணு போவுதே, அது நல்லா இருக்குது. அதக் கேக்க உட மாட்டேங்குது இந்தக் கீச்சு."

என் மகள் பெட்டியில் ஏதோ அமுக்கினாள். ஒரு கொசு நின்றது. மற்றது தனியாகப் போயிற்று. அடியில் அந்தத் தொம் தொம் தெளிவாகக் கேட்டது.

"இப்படியா?"

எதிர்வீட்டு அம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். கொஞ்ச நேரம் கேட்டார். "இன்னும் கொஞ்சம் மெதுவா."

"மெதுவாப் போட்டா தூங்கிருவாங்க ஆன்ட்டி."

"நீ போடு. தூங்கனா எழுப்பிக்கலாம்."

"இல்ல, இந்த வேகம்தான் இதுக்கு."

"அப்ப என்னை எதுக்குக் கேட்ட?"

இருவரும் சத்தமாகச் சண்டை போட்டார்கள். வேகத்தில் என் மகள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த இரண்டாவது கீச்சு விஷயத்தில் விட்டுக்கொடுத்தாள். அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்காரர்கள் இதுவும் கச்சேரியின் ஒரு பகுதி என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் அடுத்த பாட்டை வாசித்தாள். நான் கவனமாகத்தான் கேட்டேன். காதைக் கூர்மையாக்கி, கண்ணைத் திறந்துவைத்துக் கேட்டேன். பாட்டு முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முதல் கச்சேரிக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நீங்க சொல்லுங்கப்பா."

எல்லோரும் திரும்பினார்கள். எதிர்வீட்டு அம்மாவும் திரும்பினார். நல்லா இருந்தது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"மூணாவது பாட்டு கொஞ்சம் நீளம்மா" என்றேன்.

"இதுவரைக்கும் ரெண்டுதான்பா வாசிச்சிருக்கேன்."

ஆட்டோக்காரர் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார். எதிர்வீட்டு அம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

"அப்ப ரெண்டாவது நீளம்."

என் மகள் திரையைக் குனிந்து பார்த்தாள். எண்களை மேலும் கீழும் ஓட்டினாள்.

"ஆமா" என்றாள். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."